பலூனுக்குப் பின்னாடி என்ன இருக்கு?

போன வாரம் சரவணன் போன் செய்தான். நான் வேலை பார்த்த ரிப்பேர் கடையில் இப்போது என் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

"அண்ணே, லீவர் துப்பாக்கி ஒண்ணு வந்துக்குது. செங்கம் ரோட்டுல கெஸ்ட் ஹவுஸ் வெச்சிருக்கறவரு குடுத்துட்டுப் போனாரு. ரொம்பப் பழசு, ஆனா நல்ல சரக்கு. போன்ல ஒரு வீடியோ பாத்தேன். ரெட்டை ஸ்ப்ரிங் போட்டா பவர் பிச்சிக்கும்னு சொல்றான். போட்டுடவா?"

"எதைச் சுடப் போறாராம்?"

"அத கேக்கலண்ணே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஸ்ப்ரிங்கு கெடக்கட்டும்டா. பின்னாடி என்ன இருக்குன்னு கேட்டியா?"

"எதுக்குப் பின்னாடி?" என்றான் பையன்.

அதற்குப் பதிலைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பாதி சொல்வதற்குள் சரவணனுக்கு வேறு கஸ்டமர் வந்துவிடுவார். அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் அண்ணாமலை. இந்த ஊரில் கூட்டத்தில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். எங்கள் வீடு அடி அண்ணாமலையில். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், எனக்குச் சேற்றில் கால் வைக்கப் பிடிக்காது. தேரடிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். பம்ப் ஸ்டவ், தையல் மெஷின், திருவிழாக்களில் பலூன் சுடும் ஏர் கன், இந்த மூன்றும்தான் கடையின் பிழைப்பு. இதென்ன கூட்டணி என்று கேட்பார்கள். ஸ்டவ் பம்புக்குள்ளே தோலால் செய்த கிண்ணம் மாதிரி ஒரு வாஷர் இருக்கும், அதுதான் காற்றைத் தள்ளும். ஏர் கன் பிஸ்டனின் தலையிலும் அதே மாதிரி தோல் வாஷர்தான். ஒன்றைச் செய்யத் தெரிந்தவனுக்கு மற்றது தானாக வந்துவிடும். பிறகு வீட்டுக்கு வீடு கேஸ் வந்தது, ஸ்டவ் வருவது நின்றது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடைத்துக்கொண்ட பர்னரை ஊசியால் குத்திக் குத்திக் கை முழுக்கக் கரியாகிப் போனவனுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும்.

நான் சேர்ந்தபோது கடை ஆப்பாவின் கையில் இருந்தது. ஆப்பா என்றால் உருதுவில் அக்கா. பெயர் நூர்ஜஹான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, போஸ்ட்மேன்கூட ஆப்பா என்றுதான் சொல்வார். அவருடைய வீட்டுக்காரர் ஆரம்பித்த கடை அது. அவர் காலமான பிறகு எல்லா வேலைக்கும் ஆப்பாவே பட்டறை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பல்லில் நூலைக் கடிப்பது போல் ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வார். வாயில் ஸ்க்ரூ இருக்கும்வரை பேச்சுக் கிடையாது. ஸ்க்ரூ வெளியே வந்துவிட்டால் யாராக இருந்தாலும் ஓடி ஒளிய வேண்டியதுதான்.

ஏர் கன் கொண்டுவருகிற எவரிடமும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பலூனுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

பலகையா, கோணியா, சுவரா, தெருவா? பதில் பிடிக்கவில்லையென்றால் துப்பாக்கியைத் தொடமாட்டார். கெஞ்சினாலும் சரி, சண்டை போட்டாலும் சரி. "ஊர்ல வேற கடை இல்லையா, போ" என்பார். வேறு கடை கிடையாது என்பது அவருக்கும் தெரியும், வந்தவருக்கும் தெரியும்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது கடையில் வேலை பார்த்த எங்களுக்கு மட்டும் தெரியும். ஆப்பாவின் தம்பி ரஃபீக். வாலிபத்தில் தீபத் திருவிழாவில் ஒரு பலூன் கடையோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சுட்ட இரும்புக் குண்டு பின்னாலிருந்த இரும்புத் தூணில் பட்டு, திரும்பி வந்து அவர் வலது கண்ணில் ஏறிவிட்டது. அந்தத் துப்பாக்கி எங்கள் கடையில்தான் ரிப்பேர் ஆனது. ஆப்பாவின் வீட்டுக்காரர் புதிதாகக் கெட்டி ஸ்ப்ரிங் போட்டுக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் ஏர் கன்னைத் தொடவே இல்லை. ஆப்பாதான் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். ஏன் ஆப்பா, விட்டுத் தொலைக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் விட்டா கண்ணு திரும்பி வருமா? எவனோ எங்கியோ செய்யத்தான் போறான். நம்மகிட்ட வந்தா கேட்டாவது செய்வோம்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரஃபீக் பாய் பக்கத்துத் தெருவில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். தீபம் வந்தால் கிரிவலப் பாதைப் பக்கமே தலைகாட்டமாட்டார்.

இப்போது மல்லிகா விஷயத்துக்கு வருகிறேன். சரவணன் கேட்ட கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

மல்லிகா எங்கள் ஊர்க்காரி. அடி அண்ணாமலை அருகே கிரிவலப் பாதையோரம் பலூன் கடை போடுவாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வியாபாரம், தீபத்துக்குப் பெரிய வியாபாரம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு லீவர் துப்பாக்கி இருந்தது. ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது அங்கே வாட்ச்மேனாக இருந்த அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. மற்ற ஏர் கன்னை நடுவில் மடக்க வேண்டும். இதில் ட்ரிகருக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு லீவர், அதைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் ஸ்ப்ரிங் ஏறிக்கொள்ளும். குண்டுகளை முன்னாலிருக்கும் ஓட்டை வழியே மொத்தமாகக் கொட்டிவிடலாம், ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டியதில்லை. அந்த 'சடக் சடக்' ஸ்டைலுக்காகவே அவள் கடையில் கூட்டம் நிற்கும்.

தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தத் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ஆப்பா, குண்டு பலூன்ல பட்டு கீழ வுழுவுது. வெடிக்கவே மாட்டேங்குது. ஜனம் சிரிக்குது. எதிர்ல ஒருத்தன் புதுசா கடை போட்டுக்கிறான், எல்லாம் அங்கதான் ஓடுது. பவர் ஜாஸ்தி வெச்சிக் குடுங்க. இந்தத் தீபத்துக்குக் கடை ஓடலன்னா நான் பலகையைப் பிரிச்சிட வேண்டியதுதான். கொழுந்தன் லாட்ஜுல பெட்ஷீட் மாத்த வரச் சொல்றான். அவன் பொண்டாட்டி முன்னாடி கை கட்டி நிக்கறதுக்கு நான் மலைய சுத்திக்கினே செத்துப்போவேன்."

ஆப்பா வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்தார். "பலூனுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"தகர ஷீட்டு" என்றாள் மல்லிகா பெருமையாக. "நானே யோசிச்சி வெச்சது. பலூன் தப்பிப்போனாலும் டங்குனு சத்தம் வரும். சத்தம் கேட்டுத்தான் ஜனமே திரும்புது."

ஆப்பா துப்பாக்கியை அவள் பக்கமே தள்ளிவிட்டார். "தகரத்தை எடுத்துட்டுக் கோணி கட்டு. அப்புறம் வா."

"கோணி கட்டுனா சத்தம் எங்கேந்து வரும்?"

"வராது."

"அப்ப கூட்டமும் வராது!"

"கண்ணு போவாது" என்றார் ஆப்பா. யார் கண்ணை நினைத்துச் சொன்னார் என்று சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆப்பா என்னை ஒரு முறை பார்த்தார், நான் வாயை மூடிக்கொண்டேன். தம்பியின் கண்ணைக் காட்டி யாரிடமும் பேசக்கூடாது என்பது அவருடைய வைராக்கியம்.

மல்லிகாவும் லேசுப்பட்டவள் இல்லை. துப்பாக்கியை எடுக்காமலே எழுந்து போய்விட்டாள். "நீங்களே வெச்சிக்குங்க, உங்க மேசை மேல அழகா இருக்கும்" என்று வாசலிலிருந்து சொல்லிவிட்டுப் போனாள். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நான் அவள் கட்சி. கிரிவலப் பாதையில் சத்தம் இல்லாத கடையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அவள் தலை மறைந்ததும் ஆப்பா துப்பாக்கியைக் கையில் எடுத்தார். "பவர் ஏத்தறது அப்புறம். நோய் இன்னான்னு பாப்போம். பிரி."

பிரித்தேன். முதலில் தோளில் வைக்கிற மரக்கட்டை, பிறகு லீவர், ட்ரிகர். இந்த ஜாதித் துப்பாக்கியில் லீவர் திறந்திருக்கும்போது ட்ரிகர் பக்கம் விரலைக் கொண்டுபோகக் கூடாது. லீவர் மடார் என்று மூடும், விரல் நசுங்கும். ஸ்ப்ரிங்கைக் கழற்றும்போது அதற்கு நேராக முகத்தை வைக்கக் கூடாது, வாய் கட்டிய கோணிக்குள் வைத்துக் கழற்ற வேண்டும். பிஸ்டனை வெளியே இழுத்ததும் ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், எண்ணெய் பலகாரம் செய்த சட்டியை மாசக்கணக்கில் கழுவாமல் வைத்த மாதிரி.

"தேங்காண்ணெ" என்று ஆப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இது. கதவு கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய், தலைக்கும் தேங்காய் எண்ணெய், துப்பாக்கிக்கும் அதுவே. சித்திரை வெயிலில் துப்பாக்கி நன்றாகத்தான் ஓடும். கார்த்திகைக் குளிரில் பாட்டிலுக்குள் உறைவது போல் உள்ளேயும் உறைந்துவிடும். வியாபாரம் நடக்கிற சமயம் பார்த்துத் துப்பாக்கி சண்டித்தனம் செய்வது இதனால்தான். மல்லிகா எண்ணெய் உறைந்தது தெரியாமல், இன்னும் நாலு சொட்டு விட்டு, இன்னும் நாலு சொட்டு விட்டு, உள்ளே பிசினாக ஆக்கி வைத்திருந்தாள்.

பழைய வாஷர் அப்பளம் மாதிரி ஒடிந்தது. வாணியம்பாடியிலிருந்து வாங்கி வைத்திருந்த தோலில் வட்டமாக வெட்டினேன். தண்ணீரில் ஊறவைத்து, அளவான குழாய்க்குள் போல்ட்டால் அழுத்திக் கிண்ணமாக்கி, நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் சுருங்கிக்கொள்ளும். காய்ந்த பிறகு விளக்கெண்ணெயில் ஊற வேண்டும். விளக்கெண்ணெய் எந்தக் குளிரிலும் உறையாது, தோலையும் மெத்தென்று வைத்திருக்கும். அவசரப்பட்டு நான் சீக்கிரமே எடுத்துப் பார்த்தால் ஆப்பா கையில் ஒரு தட்டுத் தட்டுவார். "ஊறுகாய் போட்டா அன்னிக்கே தின்னுடுவியா?"

இன்னொரு நோயும் இருந்தது. அந்தத் துப்பாக்கிக்கு உரிய குண்டு நம் ஊரில் கிடையாது. மல்லிகா சைக்கிள் கடையில் பேரிங்குக்குப் போடுகிற பால்ஸ் வாங்கிப் போட்டாள். அது குழாயைவிடக் கொஞ்சம் சிறிசு. காற்று குண்டைத் தள்ளாமல் அதன் ஓரமாகவே தப்பித்துப் போய்க்கொண்டிருந்தது. பழைய இரும்புக் கடையில் அலைந்து ஒரு பித்தளைக் குழாய் பிடித்தேன். அந்த பால்ஸ் உள்ளே உரசாமல், ஆடாமல் உருள்கிற அளவு. அதை அறுத்து, வாயைத் தேய்த்து, பழைய குழாய் இருந்த இடத்தில் பொருத்தினேன். பழைய குழாயைத் தூக்கிப் போடவில்லை, துணியில் சுற்றிக் கொடுக்க எடுத்து வைத்தேன். வெளித்துருவை மண்ணெண்ணெய் விட்டு நைசாகத் தேய்த்தேன். கட்டையில் அவள் அப்பா ஆணியால் கீறி வைத்த ஓம் ஒன்று இருந்தது. அதை மட்டும் தொடவில்லை. ஸ்ப்ரிங்கும் பழைய ஸ்ப்ரிங்கேதான், கழுவிப் போட்டதோடு சரி.

சுட்டுப் பார்த்தோம். கொல்லையில் கட்டிய பலூன் பட்டென்று வெடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆப்பா சிரிக்கவில்லை.

"அவளைக் கூப்பிடு. வரும்போது அந்தத் தகரத்தையும் தூக்கிக்கினு வரச் சொல்லு."

மறுநாள் மல்லிகா ஆட்டோவில் தகரத்தோடு வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கொல்லையில் தகரத்தைக் கடையில் நிற்பது போலவே நேராக நிறுத்தினோம். ஜனம் நிற்கிற தூரத்தில் துணி காயப்போடும் கொடியில் பழைய பேப்பர்களை முகம் இருக்கும் உயரத்துக்கு வரிசையாகத் தொங்கவிட்டார் ஆப்பா. அவளை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். என் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"சுடு."

சுட்டேன். டங், டங் என்று நல்ல சத்தம். மல்லிகா முகம் மலர்ந்துபோனது. சுட்டு முடித்ததும் ஆப்பா கொடிக்குப் போனார். ஒரு பேப்பரை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். நடுவில் ஒரு பொத்தல். ஈயக் குண்டாக இருந்தால் தகரத்தில் பட்டு நசுங்கிப்போகும். சைக்கிள் பால்ஸ் எஃகு, அப்படியே வந்த வழி திரும்பும்.

மல்லிகா பொத்தலில் விரலை விட்டுப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். "அப்ப என்ன, கோணியைக் கட்டிக்கினு ஊமைக் கடை நடத்தணுமா? அதுக்கு நேரா பெட்ஷீட்டே மாத்தப் போறேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அழுவதை எங்களுக்குக் காட்டாமலிருக்க, கொண்டுவந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மூடியைக் குழாய்க்கு அடியில் காட்டி வேகமாகத் திறந்தாள். தண்ணீர் மூடியில் அடித்து அவள் முகத்திலேயே தெறித்தது.

"ச்சீ! இதுவும் என் மூஞ்சிலதான் அடிக்குது" என்று மூடியைச் சாய்த்தாள். தண்ணீர் சரிந்து கீழே ஓடியது. அவள் மறுபடி நிமிர்த்தினாள், முகத்தில் அடித்தது. சாய்த்தாள், கீழே போனது. குழாயை மூடாமலே திரும்பி ஆப்பாவைப் பார்த்தாள்.

"ஆப்பா, தகரத்தைச் சாய்ச்சா?"

ஆப்பாவின் வாயில் ஸ்க்ரூ எதுவும் இல்லை, ஆனாலும் பேச்சு வரவில்லை. "அரே அல்லா" என்று மட்டும் சொன்னார்.

தகரத்தின் மேல் விளிம்பைச் சுடுபவர் பக்கம் முன்னால் வரும்படி தொங்கவிட்டு, கீழ் விளிம்பைக் கயிற்றால் பின்னால் இழுத்துக் கட்டினோம். அடியில் தகர டப்பாவில் மணல். புதுப் பேப்பர் மாட்டி, ஹெல்மெட் போட்டுச் சுட்டேன். சுட்டுக்கொண்டே இருந்தேன். கை வலித்து லீவரை இழுக்க முடியாமல் போகும்வரை ஆப்பா விடவில்லை. டங் டங்கென்று சத்தம் முன்னைவிட ஜோராக வந்தது. பேப்பரில் ஒரு கீறல் இல்லை. பால்ஸ் எல்லாம் மணலில் கிடந்தது.

"குனிஞ்சி குனிஞ்சி பொறுக்கற வேலையும் மிச்சம்" என்றாள் மல்லிகா. பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "புது ஸ்ப்ரிங்கு போட்டீங்களா?"

"போடல" என்றார் ஆப்பா. "பலூன் வெடிக்குதா இல்லியா? நீ யானையா சுடப் போற?"

தீபத்துக்கு முந்தின நாள் பகலில் மல்லிகாவின் கடைக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது. எதிர்க் கடைக்காரன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான் என்று சொல்லமாட்டேன், அவனுக்கும் கூட்டம் இருந்தது. தீபத்துக்கு வருகிற ஜனம் எல்லோருக்கும் போதும். மல்லிகா பலூன் கட்டிக் கட்டி மாளாமல், "ஏண்ணா, சும்மா நிக்கறியே, வந்து ரெண்டு ஊதேன்" என்று என்னை அதட்டினாள்.

அப்போது கூட்டத்தில் ஆப்பாவின் கறுப்புப் பர்தா தெரிந்தது. பக்கத்தில் ரஃபீக் பாய். எனக்கு ஊதிக்கொண்டிருந்த பலூன் வாயிலிருந்து நழுவிப் போய்விட்டது.

அவர் கிட்டே வரவில்லை. கொஞ்சம் தள்ளி, தகரத்தைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி ஓர் ஓரத்தில் நின்றார். ஒவ்வொரு டங்குக்கும் அவர் தோள் தூக்கிப்போட்டது. குண்டு மணலில் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம் கழித்துத் தோள் அசையாமல் நின்றது. பிறகு அவராகவே முன்னால் வந்தார்.

மல்லிகாவுக்கு அவர் யாரென்று தெரியாது. எல்லோருக்கும் சொல்கிற பாட்டை அவருக்கும் பாடினாள்.

"வாங்கண்ணா. இப்படிப் புடிங்க. ஒரு கண்ண மூடிக்குங்க. இந்த முனையப் பலூனுக்கு நேரா வையுங்க."

ரஃபீக் பாய் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"எல்லாரும் கஷ்டப்பட்டு மூடறாங்கம்மா. எனக்கு அந்த வேலை மிச்சம்" என்றார்.

மல்லிகா அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்ற ஆப்பாவைப் பார்த்தாள். மூக்கும் முகவெட்டும் ஒன்று. என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். அவள் கையிலிருந்த பலூன் நூல் அப்படியே நின்றுவிட்டது.

அவர் துப்பாக்கியை இடது தோளில் வைத்தார். சடக்கென்று லீவரை இழுத்தார். முதல் குண்டு டங். இரண்டாவதும் டங். மூன்றாவதில் ஒரு சிவப்புப் பலூன் வெடித்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். ரஃபீக் பாய் சின்னப் பையன் மாதிரி திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தார். ஆப்பா பர்தா நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டு நடுப்பாதையில் நின்று அழுதார். என்னை அத்தனை வருஷம் அதட்டிய மனுஷி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மல்லிகா நூலைக் கீழே வைத்தாள். "நில்லுங்க, யாரும் சுடாதீங்க" என்று கூட்டத்துக்குக் கை காட்டிவிட்டுத் தகரத்துக்குப் பின்னால் போனாள். கீழ் விளிம்பைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தாள். அவிழ்த்து, இன்னும் இறுக்கி, மறுபடி கட்டினாள். வெளியே வந்து, வெடித்த பலூன் இருந்த இடத்தில் புதிதாக ஒன்றைக் கட்டினாள்.

"இன்னும் ஒரு தடவ சுடுங்கண்ணா" என்றாள்.

அவள் இப்போதும் கடை போடுகிறாள். பௌர்ணமியன்று வீட்டிலிருந்து நடந்துபோய்ப் பார்ப்பேன். கடை விரித்ததும் முதலில் பலூன் ஊதமாட்டாள். தகரத்துக்குப் பின்னால் போய் அந்த முடிச்சைத்தான் தொட்டுப் பார்ப்பாள்.